ரிசப்ஷனில் நிற்க வைத்து "நீங்களே கேன்சல் பண்ணிடுங்க" என்றால் பண்ணாதீர்கள்

சீசன் நேரத்தில் கொடைக்கானல், ஊட்டி என்று குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு நடந்தது கொடைக்கானலில், டிசம்பர் கடைசி வாரத்தில்.

அக்டோபரிலேயே ஒரு புக்கிங் ஆப்பில் இரண்டு ரூம் போட்டு முழுப் பணமும் கட்டியாகிவிட்டது. ரூமுக்கு ஒரு ராத்திரிக்கு 3,800 ரூபாய். ஆப்பில் போட்டிருந்தது: 3 ஸ்டார், ஏரி தெரியும் அறை, காலை டிபன் உண்டு. மதியம் போய் இறங்கினால், ரிசப்ஷனில் இருந்த பையன் கம்ப்யூட்டரைப் பார்த்தான், அப்புறம் மேனேஜரைக் கூப்பிட்டான். அவர் சிரித்த முகமாக வந்து, "சார், உங்க ரூம்ல பைப் உடைஞ்சுபோச்சு. ஒண்ணும் பிரச்சனை இல்ல, நம்ம இன்னொரு பிராப்பர்ட்டி இருக்கு, ஆள் கூட வருவாங்க" என்றார். வெவ்வேறு மாடியில் இருக்கிற இரண்டு ரூமிலும் ஒரே நாளில் பைப் உடைந்திருக்கிறது!

அந்த இன்னொரு பிராப்பர்ட்டி, வில்பட்டி போகிற வழியில் பூச்சு வேலைகூட முடியாத ஒரு வீட்டின் மாடி. படிக்கட்டில் சிமென்ட் மூட்டை. வெந்நீர் வேண்டுமென்றால் கீழ் வீட்டில் கேட்டு வாளியில் வாங்கிக்கொள்ள வேண்டுமாம். அம்மாவுக்கு முட்டிவலி, அந்தப் படியில் ஏறவே முடியவில்லை. திரும்பி வந்தோம். வந்த நேரத்தில் ரிசப்ஷனில் வேறொரு குடும்பத்துக்கு சாவி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 8,500 என்று பேரம் முடிந்தது என் காதிலேயே விழுந்தது.

குரலை உயர்த்தியதும் மேனேஜர் இறங்கி வந்தார். "அம்மா, நீங்க உக்காருங்க" என்று நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்: "சார், நீங்களே ஆப்ல கேன்சல் பண்ணிடுங்க. பணம் தானா வந்துடும்."

வராது. நான் எடுத்திருந்தது கேன்சல் செய்தால் பணம் திரும்பாத ரகம். நான் அமுக்கினால் அது என் விருப்பத்தில் விட்டுக்கொடுத்தது என்றுதான் பதிவாகும். ஹோட்டல் தானாகவே மறுத்தது என்று பதிவானால் ஆப் நிறுவனம் அவர்கள்மேல் அபராதம் போடும், பட்டியலில் கீழே தள்ளும். அந்த அடியை நம் விரல் வழியாக நம் தலையிலேயே இறக்குவதற்குத்தான் அந்த டீ. வாய்வார்த்தையாக எத்தனை சத்தியம் செய்தாலும் சரி, அந்தப் பட்டனைத் தொடாதீர்கள்.

இந்தத் தொழிலின் கணக்கைத் தெரிந்துகொண்டால் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பது விளங்கும். ஆப் வழியாக வரும் ரூமில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கமிஷனாகப் போய்விடும். மீதிப் பணமும் நாம் தங்கிவிட்டுப் போன பிறகுதான் பெரும்பாலும் அவர்கள் கைக்கு வரும். வாசலில் வந்து நிற்கிற ஆள் கையில் ரொக்கத்தோடு வருகிறார், இரண்டு மடங்கு தருகிறார். ஹோட்டல்காரர்கள் பக்கமும் நியாயமான குறை உண்டு. எங்கள் ஆப்பில் இருப்பதைவிடக் குறைந்த விலைக்கு வேறு எங்கும் விற்கக்கூடாது என்பது போன்ற நிபந்தனைகளுக்காக 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் பெரிய புக்கிங் நிறுவனங்களுக்கு மொத்தம் 392 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதெல்லாம் அவர்களுக்குள் உள்ள வழக்கு. மலை ஏறி வந்த வயதானவர்களை நடுத்தெருவில் நிறுத்துவதற்கு அது சாக்கு ஆகாது.

நான் கேன்சல் செய்யவில்லை என்றதும் அடுத்த வேலையைச் செய்தார்கள். கஸ்டமர் கேருக்குப் பேசினால், "நீங்கள் வரவே இல்லை என்று ஹோட்டலில் பதிவு செய்திருக்கிறார்களே" என்கிறார்கள். ரிசப்ஷனிலேயே நின்றுகொண்டு பேசுகிறேன்! நல்லவேளை, நேரமும் இடமும் விழுகிற மாதிரி ரிசப்ஷனில் போட்டோ எடுத்து வைத்திருந்தாள் மனைவி. வெள்ளி நீர்வீழ்ச்சிப் பக்கம் வாங்கிய டோல் ரசீதும் இருந்தது. இரண்டையும் ஆப்பின் சாட்டிலேயே அனுப்பினேன். போனில் பேசுவதைவிட சாட் மேல், எழுத்தில் நிற்கும். கஸ்டமர் கேர் நம்பரை கூகுளில் தேடி எடுக்காதீர்கள், அங்கே போலி நம்பர்கள் நிறைய. ஆப்புக்குள் இருப்பதை மட்டும் எடுங்கள்.

அடுத்து அந்த 3 ஸ்டார். இந்தியாவில் ஹோட்டலுக்கு நட்சத்திரம் தருவது மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் வகைப்படுத்தல் குழு. விண்ணப்பித்து, ஆட்கள் நேரில் வந்து பார்த்து, ஐந்து வருடத்துக்கு மட்டும் தருவார்கள். கட்டாயம் இல்லை, வேண்டுமென்றவர்கள் வாங்கிக்கொள்ளலாம். அதனால் நட்சத்திரம் இல்லாத நல்ல ஹோட்டல்களும் ஏராளம். ஆனால் விண்ணப்பிக்கவே குறைந்தது 10 அறை வேண்டும். நாங்கள் போன கட்டிடத்தில் எந்தப் பக்கம் எண்ணினாலும் எட்டுக்கு மேல் தேறவில்லை! ஆறு அறை வரை உள்ள வீட்டுத் தங்கல்களுக்கு கோல்டு, சில்வர் என்று தனி வகை இருக்கிறது, அங்கே நட்சத்திரமே கிடையாது. ஆப்பில் தெரியும் நட்சத்திரம் ஹோட்டல்காரர் தாமே நிரப்பியதாகவோ ஆப் தன் கணக்கில் போட்டதாகவோ இருக்கலாம், அரசாங்கம் தந்ததாக இருக்கவேண்டும் என்பதில்லை. சந்தேகம் வந்தால் சுற்றுலா அமைச்சகத்தின் 'நிதி' இணையதளத்தில் பெயரைத் தேடுங்கள். ரிசப்ஷனில் சான்றிதழைக் காட்டச் சொல்லியும் கேட்கலாம். நான் கேட்டதற்கு, "ரினியூவலுக்குப் போயிருக்கு சார்" என்றார் மேனேஜர். எட்டு ரூமுக்கு ரினியூவல்!

இருட்டுகிற நேரத்தில் மூஞ்சிக்கல் பக்கம் ஒரு சாதாரண லாட்ஜில் ரூமுக்கு 6,000 கொடுத்துத் தங்கினோம். சுத்தமான இடம், வெந்நீர் வந்தது. பில்லில் மட்டும் 12 சதவீதம் ஜிஎஸ்டி போட்டிருந்தார்கள். 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான். சொன்னதும் மறுபேச்சில்லாமல் திருத்திக் கொடுத்தார் அந்தப் பெரியவர். இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு வந்ததும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்தேன். அதுவரை "பரிசீலனையில் உள்ளது" என்றே பதில் சொல்லிக்கொண்டிருந்த ஆப், அதன் பிறகு கட்டிய பணத்தை முழுதாகத் திருப்பிவிட்டது. ரூமுக்குக் கூடுதலாக ஆன 2,200 ரூபாயை யாரும் தரவில்லை. ஆப் ஹோட்டலைக் கைகாட்டுகிறது, ஹோட்டல் போனையே எடுப்பதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், கொடைக்கானலுக்காகத் திண்டுக்கல் வரை அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. திருச்சியிலேயே இருவர்மேலும் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். இதே மாதிரி "பைப் உடைந்த" ரூம் வேறு யாருக்காவது கிடைத்திருந்தால் தேதியோடு எழுதுங்கள்.