அம்மையா இல்லையா என்று குழம்பும்போது நாங்கள் போகிற கிளினிக்

பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி சுற்றுவட்டாரத்தில் சின்னப் பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நாங்கள் போகும் குழந்தைகள் கிளினிக் மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு வீட்டின் முன்பக்கத்தில் நடக்கிறது. கோயம்புத்தூர் பெரிய ஆஸ்பத்திரிகளில் இருக்கிற ஏசி, விளையாட்டுச் சாமான் எதுவும் கிடையாது. ஆனால் பிள்ளை உடம்பில் கொப்புளம் தெரிகிறது, அம்மையா வேறு ஏதாவதா, கூட்டிக்கொண்டு ஓடுவதா வீட்டிலேயே வைத்துக்கொள்வதா என்று கை ஓடாமல் நிற்கும்போது, இந்தப் பக்கம் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

காரணம் போனிலேயே ஆரம்பிக்கிறது. அம்மை மாதிரி இருக்கு என்று சொன்னதும் போனை எடுக்கிற சேச்சி "உடனே கூட்டிட்டு வாங்க" என்று வைத்துவிடவில்லை. காய்ச்சல் எப்போதிருந்து, கொப்புளம் முதலில் எங்கே வந்தது, உள்ளங்கையிலும் பாதத்திலும் இருக்கா, வாய்க்குள்ளே புண் இருக்கா, தண்ணி குடிக்கிறானா, ஒன்றுக்குப் போகிறானா என்று வரிசையாகக் கேட்டார். இரண்டு மூன்று வாரத்துக்கு முன்னால் வகுப்பில் யாருக்காவது வந்திருந்ததா என்றும் கேட்டார், ஏனென்றால் சின்னம்மை ஒட்டிக்கொண்டு வெளியே தெரிய 10 முதல் 21 நாள் வரை ஆகும். அப்புறம்தான் எனக்குப் பெரிய கேள்வியாகப் பட்டது: வீட்டில் மாசமாக யாராவது இருக்காங்களா, பச்சைக் குழந்தை இருக்கா, கேன்சருக்கு மருந்தோ ஸ்டீராய்டோ சாப்பிடுபவர் உண்டா? எங்கள் வீட்டில் நாத்தனார் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அதைச் சொன்ன உடனே சேச்சியின் குரலே மாறிவிட்டது, டாக்டரிடம் பேசிவிட்டு அவரே திரும்பக் கூப்பிட்டார்.

வாட்ஸப்பில் படம் அனுப்பச் சொல்கிறார்கள். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுவதற்கு முன்னால், ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், ஒன்று கிட்டத்தில் ஒன்று தள்ளி நின்று எடுக்க வேண்டும். பூசிய பிறகு எடுத்தால் எது கொப்புளம் எது மஞ்சள் என்றே தெரியாது. படத்தை மட்டும் வைத்து மருந்து எழுதித் தருவதில்லை, நேரில் வரவேண்டுமா, எவ்வளவு சீக்கிரம் வரவேண்டும் என்பதற்குத்தான் படம். இது எனக்குப் பிடித்திருந்தது.

வரச் சொன்னால் கடைசி டோக்கன், பக்கவாட்டு வாசல். கூப்பிடும் வரை வண்டியிலேயே இருக்க வேண்டும். சிலர் இதை ஒதுக்கி வைப்பதாக எடுத்துக்கொண்டு கோபப்படுகிறார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. சின்னம்மை காற்றிலேயே பரவும், கொப்புளம் வெளியே தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னாலிருந்தே பரவும். தடுப்பூசிக்கு வந்த கைக்குழந்தைகள் முன் ஹாலில் இருக்கும்போது அம்மை போட்ட பிள்ளையை நடுவில் உட்கார வைக்கிற இடங்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

டாக்டர் பார்த்த விதத்தைச் சொல்லியே ஆகவேண்டும். என் பையனுக்குச் சின்னம்மைத் தடுப்பூசி ஒரு டோஸ் போட்டிருந்தது, அதனால் கொப்புளம் அதிகம் இல்லை, கொசுக்கடி என்று சொன்னாலும் நம்பிவிடலாம் போல இருந்தது. அவர் சட்டையைக் கழற்றச் சொல்லி, முதுகைப் பார்த்து, செல்போன் டார்ச்சை அடித்துத் தலைமுடியை விலக்கி விலக்கிப் பார்த்தார். காதுக்குப் பின்னால், முடிக்குள்ளே, தண்ணி கோத்த ஒரு கொப்புளம். பிறகு விலாப் பக்கம் ஒரு கை அகல இடத்தைக் காட்டினார்: ஒன்று வெறும் சிவப்புப் புள்ளி, பக்கத்தில் ஒன்று தண்ணி கோத்தது, அதற்குக் கீழே ஒன்று காயத் தொடங்கி நடுவில் குழி விழுந்தது. ஒரே இடத்தில் மூன்று விதமும் சேர்ந்து இருந்தால் சின்னம்மைதான் முதலில் நினைக்க வேண்டியது என்றார். ஊசி போட்ட பிள்ளைக்கு 50-க்கும் குறைவாக வந்து, தண்ணி கோக்காமலே போவதும் உண்டாம், அங்கேதான் ஏமாந்து போவார்களாம்.

தக்காளிக் காய்ச்சலா என்று நான் கேட்டேன். 2022 மே மாதம் கொல்லத்தில் அது பரவுகிறது என்று செய்தி வந்து, எல்லைச் சோதனைச் சாவடி இருக்கிற வாளையாரில் தமிழ்நாட்டு சுகாதாரத் துறைக்காரர்கள் வண்டிகளை நிறுத்திக் காய்ச்சலும் தடிப்பும் இருக்கிறதா என்று பார்த்தார்களே, அதிலிருந்து எங்கள் பக்கம் கொப்புளம் என்றாலே அந்தப் பயம்தான். அவர் பொறுமையாகச் சொன்னார்: அது கை, கால், வாய் நோயின் இன்னொரு பெயர் மாதிரிதான், உள்ளங்கை, உள்ளங்கால், வாய், பிட்டம் என்று வரும். சின்னம்மை பெரும்பாலும் நெஞ்சு, முதுகு, முகம், தலை என்று ஆரம்பிக்கும், அரிப்பும் அதிகம்.

மருந்துச் சீட்டில் மூன்றே வரி. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கில், 6 மணி நேரம் இடைவெளி விட்டு, நாளைக்கு நாலு தடவைக்கு மேல் கூடாது. தடவ கேலமைன் லோஷன். ராத்திரி அரிப்புக்கு ஒரு சிரப். கீழே சிவப்பு மையில் கோடு போட்டு எழுதியிருந்தது: ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், மெஃபனமிக் ஆசிட் கொடுக்கக் கூடாது. ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு ஈரலையும் மூளையையும் பாதிக்கிற ரெய்ஸ் சிண்ட்ரோமில் கொண்டு விடலாம், இபுப்ரோஃபென் வகை மருந்துகள் கொடுத்த பிள்ளைகளுக்குத் தோலில் மோசமான சீழ்த்தொற்று அதிகம் பார்த்திருக்கிறார்கள். இந்தச் சிவப்புக் கோடு எவ்வளவு முக்கியம் என்று மெடிக்கல் ஷாப்பில் தெரிந்தது. பாராசிட்டமால் கேட்டால், அதோடு இபுப்ரோஃபென் கலந்த சிரப்பை எடுத்து "இது சீக்கிரம் கேக்கும்" என்று நீட்டினார்கள். பாட்டிலைத் திருப்பி, பின்னால் இருக்கும் சின்ன எழுத்தைப் படித்து வாங்குங்கள், தயவுசெய்து.

வைரஸைக் கட்டுப்படுத்துகிற அசைக்ளோவிர் மருந்து வேண்டாமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். பன்னிரண்டு வயதுக்குள் இருக்கிற, வேறு நோய் இல்லாத பிள்ளைக்கு அது பொதுவாகத் தேவையில்லை, பெரிய பிள்ளைகள், நாள்பட்ட தோல் நோயோ நெஞ்சு நோயோ உள்ளவர்கள், ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்கு யோசிப்போம், கொடுப்பதாக இருந்தால் கொப்புளம் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் என்றார். ஆன்டிபயாடிக் பேச்சே இல்லை.

எங்கள் அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, அம்மைக்கு ஆஸ்பத்திரி போவதே பிடிக்காது. டாக்டர் அவரை ஒரு வார்த்தை குறைத்துப் பேசவில்லை. "வேப்பிலை வெச்சுக்கோங்கம்மா, மாரியம்மனைக் கும்பிட்டுக்கோங்க, அதெல்லாம் நல்லதுதான். ஆனா நான் சொல்ற விஷயங்கள்ல ஒண்ணு நடந்தாலும் இங்கே வந்துடணும்" என்றார். காய்ச்சல் நாலு நாளைக்கு மேல் நீடித்தாலோ விட்டு மறுபடி வந்தாலோ, கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து சூடாகி வீங்கினாலோ சீழ் வைத்தாலோ, மூச்சு வாங்கினாலோ, எழுப்பினாலும் மயங்கிக் கிடந்தாலோ, தள்ளாடி நடந்தாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ. தலைக்குத் தண்ணி ஊற்றும் வரை குளிக்கக் கூடாது என்ற வழக்கத்துக்கு மட்டும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை, வெதுவெதுப்பான தண்ணீரில் தினமும் குளிப்பாட்டலாம், நகத்தை ஒட்ட வெட்டுங்கள், உப்பு போட்ட சாப்பாடே கொடுங்கள் என்றார். வேப்பிலையைப் படுக்கையில் போடலாம், உடைந்த கொப்புளத்தில் எதையும் அரைத்துப் பூச வேண்டாம். நுங்கும் மோரும் கேட்டதற்குத் தாராளமாக என்றதும் அத்தை முகம் மலர்ந்துவிட்டது.

நாத்தனாரை அன்றைக்கே அவள் பார்க்கிற பிரசவ டாக்டரிடம் பேசச் சொன்னார். சின்ன வயதில் அம்மை வந்திருந்தால் பெரும்பாலும் பயமில்லை, தெரியவில்லை என்றால் ரத்தப் பரிசோதனை, எதிர்ப்புச் சக்தி இல்லை என்றால் கொடுக்க வேண்டிய ஊசிக்குக் காலக்கெடு இருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள் என்றார். அவள் அம்மாவுக்கே நினைவில்லாததால் பரிசோதனை செய்தோம், எதிர்ப்புச் சக்தி இருந்தது. மச்சாண்டார் மகனுக்கு இரண்டாவது டோஸ் பாக்கி, அதை உடனே போட்டார்கள். பக்கத்தில் அம்மை வந்து மூன்று நாளுக்குள், அதிகம் போனால் ஐந்து நாளுக்குள் போட்டால்கூடப் பிரயோஜனம் உண்டு. சாதாரணமாக 15 மாதத்தில் ஒன்று, குறைந்தது 3 மாதம் கழித்து இன்னொன்று. அரசு இலவச ஊசிப் பட்டியலில் இது இல்லை, ஒரு டோஸ் 2000 ரூபாய் அளவில் வருகிறது, கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய காசு, எனக்கு இதில் வருத்தம்தான்.

குறைகளும் உண்டு. காலையில் போன் கிடைப்பதே பாடு, ஒரே நம்பர். பக்கவாட்டு வாசலில் மழை பெய்தால் ஒதுங்க ஒரு தகரம்கூட இல்லை. வீட்டுக்குக் கொடுத்து அனுப்பும் தாள் மலையாளத்தில் பளிச்சென்று அச்சடித்திருக்கிறது, தமிழ்த் தாள் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ், பாதி எழுத்து மங்கல். இங்கே வருவதில் பாதிப் பேர் தமிழ் மட்டும் படிப்பவர்கள், அதைச் சரி செய்யலாம். பள்ளிக்குக் கொடுக்கிற கடிதம் மட்டும் ரொம்பச் சரி: எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டியதும் அனுப்பலாம், பொருக்கு உதிரும் வரை காத்திருக்க வேண்டாம் என்று தெளிவாக எழுதித் தருகிறார்கள்.

ஞாயிறு லீவு. ராத்திரியோ ஞாயிறோ சந்தேகம் என்றால் கேரள சுகாதாரத் துறையின் திசா ஹெல்ப்லைன் நம்பர் 1056, தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு 104. டாக்டர் சொன்னதாக மேலே எழுதியதில் ஒன்று இருந்தால் போனில் நேரம் போக்காமல் சித்தூரோ பாலக்காடோ பொள்ளாச்சியோ, எது கிட்டவோ அங்கே கிளம்புங்கள், வாசலிலேயே அம்மை என்று சொல்லிவிடுங்கள், தனியாக உட்கார வைக்க அவர்களுக்கு வசதியாக இருக்கும்.