வேலிச்செடிக்குப் பெயர் தேடிய கதை: பிளான்ட்நெட் செயலியுடன் சில வருடங்கள்

நாங்கள் வாங்கிய வீட்டின் முன்பக்கம் இடுப்பளவு உயரத்தில் மஞ்சள் இலை வேலி ஒன்று ஏற்கெனவே இருந்தது. யாரைக் கேட்டாலும் "குரோட்டன்ஸ்" என்றார்கள். நம்மூரில் இலை கலராக இருந்தாலே அந்தப் பெயர்தான். ஆனால் குரோட்டன்ஸில் இலைகள் மாற்றி மாற்றி வரும். இதில் கணுவுக்கு இரண்டாக, எதிரெதிரே இருந்தன.

இதற்காகத்தான் பிளான்ட்நெட்டைப் போனில் ஏற்றினேன். பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்கள் நடத்தும் இலவசச் செயலி, 2013இல் வந்தது. நாம் கொடுக்கும் படம் இலையா, பூவா, காயா, பட்டையா என்று பார்த்து, பொருந்தும் பெயர்களைச் சதவீதத்தோடு வரிசையாகக் காட்டும். எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பட்டியல்தான். ஒரே பெயரை அடித்துச் சொல்லாமல், எவ்வளவு சந்தேகம் இருக்கிறது என்பதையும் காட்டிவிடுகிறது.

வெறும் இலைப் படத்துக்கு எந்தப் பெயரும் உறுதியாக வரவில்லை. அடிக்கடி கத்தரிக்கும் வேலியில் பூ வரும் முன்பே நுனி போய்விடுகிறதே! ஓரத்தில் ஒரு செடியை மட்டும் வெட்டாமல் விட்டேன். கிளை வளைந்து இறங்கி, ஊதாப் பூக்கள் சரமாகத் தொங்கின. பிறகு ஆரஞ்சு கலந்த மஞ்சள் காய்கள். பூவின் அடியில் இருக்கும் உறையான புல்லிவட்டம் காயை முழுக்க மூடி, நுனியில் கிளிமூக்குப் போல வளைந்திருந்தது. பூ, காய், இலை மூன்றையும் சேர்த்து அனுப்பியதும் டுராண்டா எரெக்டா முதலிடத்தில் வந்து நின்றது. அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடி, உண்ணிச்செடியின் குடும்பம். நிழல் விழும் பக்கத்தில் மட்டும் இலை ஏன் பச்சையாகிறது என்பதும் அப்போதுதான் விளங்கியது. இந்த மஞ்சள் வகைக்கு நல்ல வெயில் வேண்டும்.

அன்றிலிருந்து எந்தச் செடியானாலும் முதலில் கையால் பார்த்துவிட்டுத்தான் போனை எடுக்கிறேன். இட்லிப்பூச் செடியில் எதிரெதிர் இலைக்காம்புகளுக்கு நடுவே கூரான சிறு செதில் ஒன்று இருக்கும். முசாண்டாவிலும் அது உண்டு. நந்தியாவட்டை இலையைக் கிள்ளினால் பால் வரும். படத்தில் இவை பெரும்பாலும் விழாது. செயலி தரும் பட்டியலில் எதைத் தள்ளுவது, எதை வைத்துக்கொள்வது என்பதை இவைதான் முடிவு செய்கின்றன.

நர்சரியில் கேட்டு வைத்த பெயரோடு நின்றுவிடாதீர்கள் என்று நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. டுராண்டா காய் பறவைகளுக்கு உணவு. குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் விஷம். பார்க்கவோ மணிமணியாக, வாயில் போடத் தூண்டும் அழகு. பெயர் தெரிந்த பிறகு, ஓரத்துச் செடியில் பூச்சரம் வாடியதுமே காய் பிடிக்கும் முன் வெட்டிவிடுகிறேன்.