கிதார் கேபினெட்டுக்கு மாற்று ஸ்பீக்கர்: மதுரை மேடைக்கு எது ஒத்துவரும்?

மதுரைப் பக்கம் கிதார் ஆம்ப்பில் ஸ்பீக்கர் போய்விட்டால் முதலில் காதில் விழும் யோசனை, "வாட்ஸ் கூடுதலாகப் பார்த்துப் போடுங்கள் தம்பி" என்பதுதான். மைக்செட்காரர் சொல்வார், கோன் (ஸ்பீக்கரில் அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பு) மாற்றித் தருபவர் சொல்வார், குழுவில் கீபோர்டு வாசிக்கும் அண்ணனும் சொல்வார். ஸ்பீக்கர் கருகாமல் இருக்க அது நல்ல யோசனை. ஆனால் வாட்ஸ் என்பது ஸ்பீக்கர் தாங்கும் சுமைக்கு எல்லை மட்டுமே. எவ்வளவு சத்தம் வரும் என்பதைச் சொல்வது சென்சிட்டிவிட்டி: ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்ற கணக்கு. கடையில் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. தயாரிப்பாளரின் விவரத்தாளில் நாமே தேடிப் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தின் செலஸ்டியன் நிறுவனத்தின் இரண்டு ஸ்பீக்கர்களை எடுத்துக்கொள்வோம். ஜி12டி-75 தாங்குவது 75 வாட்ஸ், சென்சிட்டிவிட்டி 97 டெசிபல். விண்டேஜ் 30 தாங்குவது 60 வாட்ஸ், சென்சிட்டிவிட்டி 100 டெசிபல். மூன்று டெசிபல் கூடுவது ஆம்ப்பின் சக்தியை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். 50 வாட்ஸ் ஆம்ப்பை விண்டேஜ் 30-இல் இணைத்தால் வரும் சத்தத்தை ஜி12டி-75-இல் எடுக்க 100 வாட்ஸ் வேண்டும். வாட்ஸை மட்டும் பார்த்து வாங்கியவர் பெரிய எண்ணுக்காகச் சத்தத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார். (விண்டேஜ் 30 என்ற பெயரைப் பார்த்து 30 வாட்ஸ் என்று ஒதுக்கிவிடுபவர்களும் உண்டு. பெயர் வைத்தவர்களைத்தான் குறை சொல்ல வேண்டும்.)

டவுன்ஹால் ரோடு பக்கம் போய்ப் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் என்று கேட்டால் மேசைக்கு வருவது மைக்செட் ஸ்பீக்கர். விலை குறைவு, வாட்ஸ் அதிகம், பழுதானால் உள்ளூரிலேயே கோன் மாற்றிக்கொள்ளலாம். வெளிநாட்டுக் கிதார் ஸ்பீக்கர் இறக்குமதிச் சரக்கு; விலை பல மடங்கு, அதுவும் பெரும்பாலும் முன்கூட்டிச் சொல்லித்தான் வரவழைக்க வேண்டும். எனவே நம் ஊர்க் கிதார்காரர் முன் இருக்கும் முதல் போட்டி செலஸ்டியனின் இன்னொரு கிதார் ஸ்பீக்கரான கிரீன்பேக்குக்கும் விண்டேஜ் 30-க்கும் நடுவே இல்லை. கிதார் ஸ்பீக்கரா, மைக்செட் ஸ்பீக்கரா என்பதுதான் அது. இதை முடித்துவிட்டு மற்றவற்றுக்குப் போவோம்.

மைக்செட் ஸ்பீக்கரின் வேலை, உள்ளே போனதை அப்படியே வெளியே தருவது. கிதார் ஸ்பீக்கருக்கு அந்த ஒழுக்கம் கிடையாது. மெல்லிய காகிதக் கோன், கோனோடு சேர்ந்தே மடிக்கப்பட்ட விளிம்பு, குறைந்த அசைவு. சுமார் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை ஒரு மேடு, 5,000-ஐத் தாண்டியதும் செங்குத்தான சரிவு. கிதாரின் ஆறாம் கம்பி 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரக்க வைக்கும் எஃபெக்ட்) போட்டால் அதற்கு மேல் மேல்சுரங்கள் முளைத்துக்கொண்டே போகும். அவற்றில் 5,000-க்கு மேற்பட்டவை பெரும்பாலும் இரைச்சல். கிதார் ஸ்பீக்கர் அந்த இரைச்சலை வடிகட்டுகிறது. ட்வீட்டர் (உயர்ந்த சுரங்களுக்கான சிறு ஸ்பீக்கர்) வைத்த மைக்செட் பெட்டியில் நேரடியாக டிஸ்டார்ஷன் பெடலை இணைத்துப் பாருங்கள். தகரக் கூரையில் மணலைக் கொட்டியது போல இருக்கும். ட்வீட்டர் இல்லாமல் அதன் பெரிய ஸ்பீக்கரான வூஃபரை மட்டும் கிதார் கேபினெட்டில் (ஸ்பீக்கர் பெட்டியில்) போட்டால் நேர்மாறான குறை: கனத்த கோன் கிதாரின் வெட்டையும் குத்தையும் விழுங்கிவிட்டு, போர்வைக்குள் இருந்து பேசுவதைப் போன்ற ஒலியைத் தரும். கோன் எங்கும் விட்டுக்கொடுக்காததால், கம்பியை அழுத்தி அடித்தாலும் மெதுவாக அடித்தாலும் ஒலியின் குணம் மாறாது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. கேபினெட்டின் ஒலியையே எண்முறையில் உருவாக்கித் தரும் மல்டி எஃபெக்ட்ஸ் கருவி வைத்திருப்பவருக்கு மைக்செட் பெட்டிதான் சரியானது. அவருக்குக் கிதார் ஸ்பீக்கர் போட்டால் ஒரே வடிகட்டியில் இருமுறை வடித்தது போலாகிவிடும். அவர் இந்தக் கட்டுரையை இத்துடன் நிறுத்திவிட்டு ஸ்பீக்கர் பணத்தைச் சேமித்துக்கொள்ளலாம்.

இனி கிதார் ஸ்பீக்கர்களுக்குள் நடக்கும் போட்டி. இதில் எது நல்லது என்று பொதுவாகக் கேட்பதில் பயன் இல்லை. எங்கே வாசிக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. மதுரையைச் சுற்றி எலெக்ட்ரிக் கிதார் ஒலிக்கும் இடங்கள் முக்கியமாக இரண்டு: திருவிழா மேடை, தேவாலயம். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரிகள்.

மேலூர், உசிலம்பட்டி, அலங்காநல்லூர்ப் பக்கம் கோயில் திருவிழாவில் மெல்லிசைக் கச்சேரி நடக்கும் மேடையை நினைத்துப் பாருங்கள். திறந்த வெளி, ஒலியைத் திருப்பித் தரச் சுவர் இல்லை. ஒரு பக்கம் ஜெனரேட்டர், மறுபக்கம் வெடி, நடுவில் டிரம்ஸ், தபலா, இரண்டு கீபோர்டு. கீழ்ச்சுரங்களை பேஸ் கிதார் எடுத்துக்கொள்கிறது, மேலே சிம்பல் நிற்கிறது. கிதாருக்கு மிஞ்சுவது நடுப்பகுதி மட்டும்தான். விண்டேஜ் 30-இன் பலம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. 1986-இல் வந்த இந்த ஸ்பீக்கர் மேல்நடுப்பகுதியைத் தூக்கிக் கொடுக்கும். லீட் வாசிக்கும்போது மற்ற வாத்தியங்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நிற்கும். திறந்த மேடைக்கு நான் கை காட்டுவது இதைத்தான்.

அதன் மேல் சொல்லப்படும் குற்றச்சாட்டு, காதைக் குத்துகிறது என்பது. பொய்யில்லை. பெட்டியைப் பிரித்த முதல் நாளில் இன்னும் கூடுதலாகக் குத்தும். கோனின் விளிம்பும் உள்ளே காயிலை (கோனை அசைக்கும் கம்பிச்சுருளை) தாங்கும் மடிப்பும் வாசிக்க வாசிக்கத்தான் இளகும். அதைவிட முக்கியமான காரணம் நாம் நிற்கும் இடம். பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் உயர்ந்த சுரங்களை டார்ச் வெளிச்சம் போல நேர்கோட்டில் அனுப்பும். ஆம்ப் தரையில் இருக்கிறது, நம் காது ஐந்தடி உயரத்தில் இருக்கிறது. "இன்னும் கொஞ்சம் ட்ரெபிள்" என்று திருகிக்கொண்டே போகிறோம். முன்வரிசையில் தரையில் அமர்ந்திருக்கும் பாட்டி காதைப் பொத்திக்கொள்கிறார். ஒலியைச் சரிசெய்யும்போது ஸ்பீக்கருக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, காதைக் கோனின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, பிறகு குமிழைத் திருகுங்கள். விண்டேஜ் 30 மீதான பாதிப் புகார் அங்கேயே தீர்ந்துவிடும். மீதிப் புகாருக்கு அமெரிக்காவின் எமினென்ஸ் நிறுவனத்து கவர்னர் பதில் சொல்லும்: 75 வாட்ஸ், ஏறக்குறைய அதே இங்கிலாந்துக் குணம், குத்தல் மட்டும் குறைவு.

ஜி12டி-75-ஐ ஏற்கெனவே சத்தக் கணக்கில் தோற்கடித்துவிட்டோம். குணத்திலும் அது திருவிழா மேடைக்கு ஆகாது. ஆம்ப் தயாரிக்கும் மார்ஷல் நிறுவனத்தின் 1960 வரிசைக் கேபினெட்டுகளில் நான்கு நான்காகப் பொருத்தப்பட்டு வருவதால் பெரும் பெயர் பெற்றது. அடியும் மேலும் எடுப்பாக, நடு குழிந்திருக்கும். தனியாக வாசித்தால் பிரமாதமாகத் தெரியும். வாங்கும்போது நாம் தனியாகத்தானே வாசித்துப் பார்க்கிறோம்! குழுவோடு சேர்ந்ததும், நாம் ரசித்த அடியை பேஸ் கிதாரும் மேலை சிம்பலும் பிடுங்கிக்கொள்ள, கையில் இருப்பது குழி மட்டும். நான்கு ஸ்பீக்கர் கேபினெட்டில் இரண்டு ஜி12டி-75, இரண்டு விண்டேஜ் 30 என்று குறுக்குமறுக்காகப் போடுபவர்கள் உண்டு. அது நல்ல சமரசம். ஆனால் அந்த அளவுக் கேபினெட்டைத் தூக்க நம் குழுக்களில் ஆள் இல்லை. விலை குறைந்த ஆம்ப்களில் காணப்படும் செலஸ்டியனின் செவன்டி 80-ஐப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குறையும் இல்லை, முகமும் இல்லை. அது கெட்டுப்போகாதவரை மாற்றப் பணம் செலவழிக்கலாமா என்றால், மேடை வாசிப்பு இருந்தால் மட்டும்.

தேவாலயம் வேறு உலகம். கிழக்கு வெளி வீதியின் புனித மரியன்னை பேராலயம் போன்ற உயர்ந்த கூரையுள்ள கட்டடத்துக்குள் ஒரு கைதட்டல்கூட அடங்க நேரமாகும். அங்கே விண்டேஜ் 30-இன் கூர்மை ஒவ்வொரு தூணிலும் மோதித் திரும்பி வந்து பாடகர் குழுவின் சொற்களை மறைக்கும். இங்கே கிரீன்பேக் கைகொடுக்கிறது. ஜி12எம் கிரீன்பேக் 1960-களின் சரக்கு. அன்றைய மார்ஷல் கேபினெட்டுகளில் புகழ் பெற்றது. நடுப்பகுதி கனிவாக இருக்கும், மேல்பகுதி சற்றே கரகரத்து அடங்கும், கீழ்ச்சுரம் தளர்வாக இருக்கும். தாங்குவது 25 வாட்ஸ் மட்டும். சென்சிட்டிவிட்டி 98 டெசிபல். ஆம்ப்பை முறுக்கி வாசிக்கும்போது அது தன் முகப்பில் எழுதிய வாட்ஸைத் தாண்டியும் தள்ளும் என்பதால், ஒற்றை ஸ்பீக்கராகப் போடுபவர்கள் ஆம்ப் வாட்ஸின் இரு மடங்கு தாங்குவதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அந்தக் கணக்கில் ஒற்றை கிரீன்பேக் சிறிய வால்வு ஆம்புக்குத்தான் (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் வைத்தது) சரி. அதே சாயலில் 65 வாட்ஸ் தாங்கும் ஜி12எம்-65 கிரீம்பேக் இருக்கிறது. 97 டெசிபல்தான், தேவாலயத்தில் சத்தம் குறைவது வரம், குறை அல்ல.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். நம் மெல்லிசைக் குழுக்களில் கிதார் பெரும்பாலும் டிஸ்டார்ஷனே இல்லாமல்தான் ஒலிக்கிறது: கார்டுகள் (பல சுரங்களைச் சேர்த்து மீட்டுவது), கோரஸ் எஃபெக்ட் போட்ட பிரித்து மீட்டல், இடையிசையில் ஒரு சின்ன மெட்டு. இந்தத் தெளிந்த ஒலிக்கு இங்கிலாந்துச் சாயலைவிட அமெரிக்கச் சாயல் பொருந்தும். ஜென்சன் சி12கே 100 வாட்ஸ் தாங்கும். ஃபெண்டரின் 65 ட்வின் ரிவெர்ப் மறுபதிப்பு ஆம்ப்பில் இரண்டு இருக்கின்றன. மேல்சுரம் மணியாகத் தெளியும், அடி உறுதியாக நிற்கும். அதில் டிஸ்டார்ஷன் போட்டால் சற்றுப் பச்சையாக இருக்கும் என்பது உண்மை. கச்சேரிப் பட்டியலில் முப்பது பாட்டில் இரண்டுக்குத்தான் டிஸ்டார்ஷன் என்றால், அந்த இரண்டுக்காக மற்றவற்றைப் பலி கொடுப்பானேன்? எமினென்ஸ் ஸ்வாம்ப் தாங் இதே பக்கம் இன்னும் கனமான அடியோடு 150 வாட்ஸ் வரை தாங்கும். பெரிய ஆம்ப் வைத்திருப்பவருக்கு அது பொருந்தும்.

எடையையும் பார்க்க வேண்டும். விண்டேஜ் 30 ஒன்று 4.7 கிலோ. இரண்டு போட்ட கேபினெட்டை மினி வேனின் பின்னால் ஏற்றி, மேடையின் மூங்கில் படியில் தூக்கிப் போவது யார் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். நியோடிமியம் காந்தம் வைத்த நியோ கிரீம்பேக் அதில் பாதி எடைகூட இருக்காது. 60 வாட்ஸ் தாங்கும். ஒலியில் சிறு வித்தியாசம் உண்டு என்பார்கள். ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பவருக்கு என் வணக்கம்.

ஓம்ஸ் (ஸ்பீக்கர் ஆம்ப்புக்குத் தரும் மின்தடை) விஷயத்தில் சமரசமே கிடையாது. எட்டு ஓம்ஸ் ஸ்பீக்கர் இரண்டைப் பக்க இணைப்பில் போட்டால் நான்கு, தொடர் இணைப்பில் பதினாறு. டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் எழுதியிருக்கும் குறைந்தபட்ச ஓம்ஸுக்குக் கீழே போகக் கூடாது. மேலே போகலாம், சத்தம் குறையும், அவ்வளவுதான். வால்வு ஆம்ப்பில் ஆம்ப் கேட்பதும் ஸ்பீக்கர் தருவதும் ஒத்துப்போக வேண்டும். ஸ்பீக்கரே இணைக்காமல் அதில் வாசிப்பது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரைப் பலி கொடுப்பதற்குச் சமம். இரண்டு வகை ஸ்பீக்கரைக் கலந்து போட்டால் இரண்டும் ஒரே ஓம்ஸாக இருக்கட்டும். தாங்கும் திறனைப் பலவீனமானதை வைத்துக் கணக்கிடுங்கள்: ஒரு கிரீன்பேக், ஒரு விண்டேஜ் 30 என்றால் இருபத்தைந்தின் இரு மடங்கு, 50 வாட்ஸ், 85 அல்ல.

பழைய ஸ்பீக்கர் வாங்குபவர் மல்டிமீட்டர் கொண்டுபோக வேண்டும். எட்டு ஓம்ஸ் ஸ்பீக்கரில் சுமார் ஆறரை, ஏழு காட்டும். அது பழுதல்ல, நேர்மின்சாரத்தில் அப்படித்தான் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. பிறகு ஸ்பீக்கரை மல்லாத்தி, இரண்டு கைவிரல்களையும் கோனின் மையத்தைச் சுற்றிச் சமமாக வைத்து மெதுவாக அழுத்தி விடுங்கள். சத்தமில்லாமல் போய்வந்தால் நல்லது. உப்புக்காகிதம் உரசுவது போன்ற ஒலி கேட்டால் காயில் காந்தத்தின் இடுக்கில் தேய்கிறது, அல்லது புழுதி புகுந்திருக்கிறது. எந்த விலைக்கும் வேண்டாம். "கோன் புதுசு அண்ணே" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால் என்ன கோன் என்று கேளுங்கள். கிதார் ஸ்பீக்கரின் குணம் பாதிக்கு மேல் கோனில்தான் இருக்கிறது. கிரீன்பேக்கில் மைக்செட் கோனை ஒட்டினால் மிஞ்சுவது பின்னால் இருக்கும் பச்சை மூடி மட்டும். தயாரிப்பாளரின் கோன் கிடைக்காவிட்டால் மாற்றாமல் வேறு ஸ்பீக்கர் வாங்குவதே லாபம்.

மாட்டும்போது ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஸ்பீக்கரின் முனைகளில் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். நேர்முனையைச் சிவப்புப் புள்ளியில் தொட்டால் கோன் முன்னால் துள்ள வேண்டும். இரண்டு ஸ்பீக்கர் உள்ள கேபினெட்டில் ஒன்று முன்னாலும் மற்றது பின்னாலும் துள்ளினால் அடிச்சுரம் காணாமல் போகும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் சளி பிடித்த ஒலிதான் வரும். நான்கு திருகையும் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் முழுதாக முறுக்கினால் ஸ்பீக்கரின் சட்டமே வளைந்து, புதுக் காயில் உரச ஆரம்பித்துவிடும்.