பெட்டி புதுசு, உள்ளே இருந்த பேரிங் பழசு: கியர் பாக்ஸ் சாமான் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

வீட்டிலேயே கியர் பாக்ஸ் பிரித்து வேலை செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரே வண்டியின் கியர் பாக்ஸை இரண்டு மாதத்துக்குள் இரண்டு தடவை இறக்க வேண்டியதாகிவிட்டது. முதல் தடவை, ஓடி ஓடித் தேய்ந்ததற்காக. இரண்டாம் தடவை, புதுசு என்று சொல்லி என் தலையில் கட்டிய சாமானுக்காக.

வண்டி அப்பாவுடையது. மாருதி 800, 2004 மாடல், நாலு கியர். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது, கிளட்சை எவ்வளவு மிதித்தாலும் 'கர்ர்' என்று கத்தும். நியூட்ரலில் நிற்கும்போது உள்ளே ஒரு ஊளைச் சத்தம், கிளட்சை மிதித்தால் அடங்கிவிடும். கத்தலுக்குக் காரணம் இரண்டாம் கியரின் சின்க்ரோ ரிங், அதாவது கியர் விழும் முன் வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை வளையம். ஊளைக்குக் காரணம் இன்புட் ஷாஃப்ட் பேரிங், அதாவது எஞ்சின் சுழற்சியைப் பாக்ஸுக்குள் கொண்டுவரும் தண்டைத் தாங்குவது. பிரிப்பதற்கு முன்பே இது ஓரளவு தெரிந்துவிட்டது. மெக்கானிக் அண்ணன் "பழைய பாக்ஸ் ஒண்ணு பார்த்து மாத்திரலாங்க" என்றார். எனக்கு மனசு வரவில்லை. அந்த வண்டியில்தான் நான் கியர் போடப் பழகினேன்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. எஞ்சினை மேலே இருந்து தாங்க வைத்து, டிரைவ் ஷாஃப்ட் இரண்டையும் உருவி, பாக்ஸை இறக்கிப் பிரித்தேன். சின்க்ரோ ரிங்கைக் கியரின் கூம்பு மேல் வைத்து விரலால் அழுத்தினால், ரிங்கின் பல்லுக்கும் கியரின் பல்லுக்கும் நடுவே ஒரு சந்து தெரியும். புது ரிங்கில் அது ஒரு மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அரை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்றியே ஆக வேண்டும். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜில் எனக்கு 0.3தான் வந்தது. கழற்றிய ஒவ்வொன்றையும் இப்படி அளந்து நோட்டில் குறித்து வைத்தேன். வாங்கி வந்த புது ரிங்கை மட்டும் அளக்கவில்லை. புதுசுதானே என்று விட்டேன்.

கடை கோவையில், நாலு பேர் பெயர் சொல்லி அனுப்பிய கடைதான். சின்க்ரோ ரிங், இரண்டு பேரிங், ஆயில் சீல், கியர் ஆயில், எல்லாம் சேர்த்து 4,600 ரூபாய். "கம்பெனி பெட்டிங்க தம்பி, நீங்களே பிரிச்சுப் பாத்துக்கோங்க" என்றார் கடைக்காரர். பெட்டியில் ஸ்டிக்கர், விலை, எல்லாம் ஒழுங்காக இருந்தது. பில் கேட்டபோது, ஜிஎஸ்டி சேர்ந்தால் ஏறும் என்று சொல்லி எஸ்டிமேட் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அதில் கடை பெயர்கூட இல்லை. வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மாட்டும்போது ஒரு விஷயம் உறுத்தியிருக்க வேண்டும். பழைய பேரிங்கை ஷாஃப்டிலிருந்து எடுக்க லேத் பட்டறைக்குப் போய் பிரஸ்ஸில் வைத்துத்தான் எடுத்தோம். புதுசு என்று வந்தது, இரும்புக் குழாயை வைத்து இரண்டு தட்டு தட்டியதும் சரசரவென இறங்கிவிட்டது. வேலை சுலபமாக முடிந்ததே என்று சந்தோஷப்பட்டேன். பேரிங் ஷாஃப்டில் இறுக்கமாகத்தான் ஏற வேண்டும். கையோடு இறங்குகிறது என்றால் ஷாஃப்ட் தேய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பேரிங்கின் உள்வட்டம் ஏற்கெனவே எங்கேயோ ஏறி இறங்கியிருக்க வேண்டும்.

பதினோரு நாள் நன்றாக ஓடியது. பன்னிரண்டாம் நாள் பொள்ளாச்சி போய்த் திரும்பும்போது ஊளை மறுபடியும் கேட்டது, முன்பைவிடச் சத்தமாக. அடுத்த வாரத்தில் இரண்டாம் கியரும் பழையபடி கத்த ஆரம்பித்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வண்டியை எடுக்காமல் பஸ்ஸில் போய்வர ஆரம்பித்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுபடி இறக்கிப் பிரித்தேன். பேரிங்கைப் பெட்ரோலில் அலசி, காதருகே வைத்துச் சுற்றினால் நறநற என்றது. குண்டு ஓடும் பாதையில் சின்னச் சின்னக் குழிகள். வெளிவட்டத்தில் எமரி தாள் போட்டுத் தேய்த்த கோடுகள், வெயிலில் சாய்த்துப் பிடித்தால் தெளிவாகத் தெரிந்தன. மேலே இருந்த நம்பரைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்தேன், பாதி துணியோடு வந்துவிட்டது. அதாவது, ஓடித் தேய்ந்த பேரிங்கைப் பாலிஷ் போட்டு, நம்பர் அச்சடித்து, புதுப் பெட்டியில் அடைத்திருக்கிறார்கள்.

ரிங் இன்னும் மோசம். நல்ல ரிங்கின் உள்பக்கம் நகத்தால் கீறினால் மெல்லிய மரை மரையாகத் தட்டுப்படும். அந்தக் கூரான வரிகள்தான் ஆயில் படலத்தை அறுத்து, கூம்பைப் பிடித்து, கியரின் வேகத்தைச் சமப்படுத்துகின்றன. இதில் வரி மழுங்கி வழவழ என்று கிடந்தது. கூம்பில் வைத்து ஆட்டினால் ஆடியது. ஆயில் டப்பாவில் இருந்த தர வகையை அப்போதுதான் நிதானமாகப் படித்தேன்: ஜிஎல்-5. இந்த பாக்ஸுக்கு ஜிஎல்-4தான் போட வேண்டும். ஜிஎல்-5இல் அதிகமாக உள்ள கந்தகச் சேர்க்கை பித்தளை ரிங்கை அரிக்கக்கூடும். "இதுதாங்க இன்னும் ஸ்ட்ராங்கு" என்று கடையில் சொன்னதை நம்பி வாங்கி வந்திருக்கிறேன். படிக்காதது என் தவறுதான்.

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதலில் "மாட்டின பொருளைத் திருப்பி எடுக்கறதில்லைங்க" என்றார். நம்பர் அழிந்ததைக் காட்டினேன். "யாருங்க மாட்டினது?" என்று கேட்டார். நான்தான் என்றதும் அவர் முகமே தெளிந்துவிட்டது. "அப்ப ஃபிட்டிங்கிலதான் தப்பு. மெக்கானிக்கைக் கூட்டிட்டு வாங்க, பேசலாம்." அவ்வளவுதான், அடுத்த வாடிக்கையாளரைப் பார்க்கத் திரும்பிவிட்டார். வீட்டில் வேலை செய்கிறவர்களிடம் இந்த மாதிரிச் சாமானைத் தள்ளுவது எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் புரிந்தது. மாதம் பத்து பாக்ஸ் பிரிக்கிற மெக்கானிக்கிடம் இதைக் கொடுத்தால் வாடிக்கை போய்விடும். நாம் ஒரு தடவை வருகிறவர்கள். கெட்டுப்போனால் பழியைப் போட நம் கையே இருக்கிறது.

இரண்டாம் தடவை டீலரிடமே ஆர்டர் கொடுத்து, ஒன்பது நாள் காத்திருந்து வாங்கினேன். விலை கூடத்தான், ஆனால் பில் உண்டு. ரிங்கைக் கடையிலேயே, கையோடு கொண்டுபோன கியரின் கூம்பில் வைத்து அளந்தேன். 1.1 வந்தது. அழுத்திக்கொண்டு திருகினால் கவ்விப் பிடிக்கிறது. பேரிங் அதே ஷாஃப்டில் பிரஸ் இல்லாமல் ஏறவே இல்லை, ஆகவே ஷாஃப்டில் குறை இல்லை. ஜிஎல்-4 ஆயில் ஊற்றி ஓட்டி ஐந்து வாரம் ஆகிறது. சத்தம் இல்லை. அப்பா திரும்ப வண்டியை எடுக்கிறார்.

பணத்துக்காக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். எஸ்டிமேட் சீட்டு உதவாது என்று பயந்தேன், ஆனால் யூபிஐயில் கட்டியதால் கடை பெயரோடு தேதியும் தொகையும் கையில் இருக்கின்றன. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அதுவும் இல்லை. இதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். ஐந்து லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அந்த பேரிங், ரிங், பெட்டி, ஆயில் டப்பா நான்கையும் அப்படியே கவரில் போட்டு வைத்திருக்கிறேன். நீங்களும் கோபத்தில் எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கோவைப் பக்கம் யாராவது இப்போது பாக்ஸ் பிரித்து வைத்திருந்தால், வாங்கிய ரிங்கையும் கியரையும் எடுத்துக்கொண்டு மாட்டுவதற்கு முன்னால் வாருங்கள். ஃபீலர் கேஜ் என்னிடம் இருக்கிறது, ஐந்து நிமிட வேலை.