நிறுவன வரி: குறைப்பதா, கூட்டுவதா?

அமெரிக்காவில் இந்தச் சண்டைக்கு வயது அதிகம். ஆனால் 2017 டிசம்பரில் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டத்துக்குப் பிறகு அது இன்னும் சூடுபிடித்தது. நிறுவன வரி, அதாவது நிறுவனங்களின் லாபத்தின் மீது அரசு போடும் வரி, 35 சதவீதத்திலிருந்து ஒரேயடியாக 21 ஆனது.

குடியரசுக் கட்சியின் வாதம் எளிது: கையில் பணம் மிஞ்சினால் முதலாளி இயந்திரம் வாங்குவார், ஆள் எடுப்பார், சம்பளம் கூட்டுவார். சராசரிக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 4,000 டாலராவது உயரும் என்றது வெள்ளை மாளிகை. 2019 இறுதியில் வேலையின்மை 3.5 சதவீதத்துக்கு இறங்கியதையும் காட்டுகிறார்கள். சரி, ஆனால் அது 2010-க்குப் பிறகே இறங்கிக்கொண்டுதான் இருந்தது!

ஜனநாயகக் கட்சி கேட்பது, மிஞ்சிய பணம் எங்கே போனது என்று. 2018-ல் எஸ் அண்ட் பி 500 என்ற பங்குச் சந்தைப் பட்டியலில் உள்ள பெரிய அமெரிக்க நிறுவனங்கள் 80,000 கோடி டாலருக்கு மேல் செலவழித்துத் தங்கள் பங்குகளைத் தாங்களே வாங்கின. பங்குதாரருக்குக் கொண்டாட்டம், கடைநிலை ஊழியருக்குப் பெரும்பாலும் ஒருமுறை போனஸ். அதனால்தான் அக்கட்சி கொண்டுவந்த 2022 சட்டத்தில் பங்குகளைத் திரும்ப வாங்குவதற்கு 1 சதவீத வரியும், மிகப்பெரிய நிறுவனங்களுக்கு 15 சதவீதக் குறைந்தபட்ச வரியும் வந்தன.

இவர்கள் பக்கமும் ஓட்டை உண்டு. வரி கூடினால் அந்தச் சுமையில் ஒரு பங்கு சம்பளத்தின் மேலும் விழும். அதை மேடையில் சொல்ல மாட்டார்கள்.

என் கணக்கில், வரி விகிதத்தை வெட்டுவது ஏற்கெனவே சம்பாதித்த லாபத்துக்கும் பரிசு தருகிறது. புதிய இயந்திரத்தின் விலையை வாங்கிய ஆண்டே வரிக்குரிய லாபத்திலிருந்து முழுதாகக் கழித்துக்கொள்ள விடுவது, முதலீடு செய்தவருக்கு மட்டும் தருகிறது. 2017 சட்டத்தில் இரண்டுமே இருந்தன. கட்சிக்காரர்கள் சண்டை போடுவது என்னவோ முதலாவதைப் பற்றித்தான்.