“பராமரிப்பே வேண்டாத நாய்” என்று விற்கிறார்கள்: உச்சிப்புளி, மண்டபம் பக்கம் இருப்பவர்கள் கவனத்துக்கு

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பார்த்து வெளியூரிலிருந்து நாய்க்குட்டி வரவழைக்க நினைப்பவர்கள், அட்வான்ஸ் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

பகலில் எங்கள் வீட்டில் மாமியார் மட்டும்தான், அவருக்கும் முட்டிவலி. அதனால் அதிகம் வேலை வைக்காத நாயாக வேண்டும் என்று விற்பவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். “அப்போ ஷிட்சுதான் உங்களுக்குச் சரிக்கா. முடியே கொட்டாது, மெயின்டெனன்ஸே கிடையாது” என்றார். ஷிட்சு என்றால் நீள முடி உள்ள சின்ன ரக நாய். 15,000 ரூபாயை ஜிபேயில் வாங்கிக்கொண்டு, குட்டியைப் பழக்கூடையில் வைத்து இரவு பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

முடி அதிகம் கொட்டாது என்பது உண்மைதான், வினையே அதில்தான் இருக்கிறது. ஷிட்சுவின் முடி வளர்ந்துகொண்டே போகும். உதிர்கிற முடியும் கீழே விழாமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். தினமும் தோல்வரை சீப்பு இறங்க வாராவிட்டால் காதுக்குப் பின்னாலும் அக்குளிலும் சடை பிடித்துவிடும். சிக்கெடுக்காமல் குளிப்பாட்டினால் அது இன்னும் இறுகும். எங்கள் பக்கம் வாசலைத் தாண்டினால் மணல், நெருஞ்சி, சீமைக்கருவேல முள். ஒருநாள் முன்னங்காலைத் தூக்கிப் பார்த்தால், விரலிடுக்கில் ஒரு நெருஞ்சி முள்ளைச் சுற்றி முடி முறுக்கிக்கொண்டு, கத்தரி நுனி நுழையக்கூட இடமில்லை. முடிவெட்ட மதுரைக்குப் போகிறோம், போகவர 200 கிலோமீட்டருக்கு மேல். சப்பை மூக்கு என்பதால் மூச்சிரைத்துச் சூட்டைத் தணித்துக்கொள்ளவும் அதற்குச் சரியாக வராது. கத்திரி வெயிலில் ஃபேனுக்கு அடியை விட்டு நகர்வதில்லை.

“ரெண்டு மாசக் குட்டி, ஊசி போட்டாச்சு” என்றதும் பொய். அரசு கால்நடை மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தார். பின்பற்கள் இன்னும் ஈறுக்குள்ளேயே இருந்தன. ஆறு வாரம்கூட ஆகியிருக்காது என்றார். தடுப்பூசி அட்டையில் ஒரு தேதியும் ஒரு கிறுக்கலும் மட்டும்தான். ஊசி போட்டிருந்தால் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரை, பேட்ச் எண்ணோடு, அதில் ஒட்டியிருப்பார்கள். மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் இருக்கும். அந்த வாரமே வாந்தி, ரத்தக் கழிச்சல். பார்வோ என்கிற வைரஸ் நோய். டிரிப்ஸ் ஏற்றி ஏற்றித்தான் பிழைத்தது, மருத்துவர் புண்ணியம்.

நாய் வளர்ப்பு, விற்பனைக்கு 2017இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி 8 வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது. குட்டி போடவைத்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவுச் சான்றைக் கேட்டேன். “இதுவரைக்கும் யாருமே அதெல்லாம் கேட்டதில்லக்கா” என்றார். அப்புறம் பிளாக் செய்துவிட்டார். தாய் நாயோடு சேர்த்துக் குட்டியை வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள், ஆயிரம் சாக்கு சொல்வார்கள்.

என்னைக் கேட்டால், இந்த வெயிலுக்கும் மணலுக்கும் குட்டை முடி நாட்டு நாய்தான் சுகம். சிப்பிப்பாறை என்றால் ஓட இடம் வேண்டும், கட்டிப்போட்டு வளர்க்க முடியாது. தெருவில் ஈன்ற குட்டியாக இருந்தாலும் குறையில்லை, ஊசிகளை ஒழுங்காகப் போட்டுவிட்டால் போதும்.

பக்கத்து வீட்டு போனில் அதே ஆளின் ஸ்டேட்டஸ் பார்த்தேன். இப்போது ஹஸ்கி விற்கிறார், “கடற்காத்துக்கு சூப்பரா செட் ஆகும்” என்று. பனியில் வண்டி இழுக்கிற நாய், உடம்பெல்லாம் இரண்டடுக்கு முடி! மண்டபத்தில் ஒருவர் அட்வான்ஸ் போட்டிருக்கிறாராம். உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால் மீதிப் பணத்தைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.