ஒன்லைன் வகுப்பில் வரவு: எந்த முறை ஆளைப் பார்க்கிறது, எது கவரேஜைப் பார்க்கிறது?

சூம் வகுப்பில் வரவு எடுக்கிற எல்லா முறையிலும் நான் அடிபட்டிருக்கிறேன். 2020இல் மாணவனாக, முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு குளக்கட்டில் போனைத் தூக்கிப் பிடித்தபடி. இப்போது தற்காலிகப் போதனாசிரியராக, விவசாய டிப்ளோமா வகுப்பின் மற்றப் பக்கத்தில். அதனால் என்னிடம் நடுநிலை எதிர்பார்க்க வேண்டாம்.

படிப்பிக்கிறவருக்கு ஆகச் சுகமானது சூம் தானே தருகிற ரிப்போர்ட். யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார், எத்தனை நிமிடம் இருந்தார், எல்லாம் அதில் வரும். ஆனால் கவரேஜ் போய்ப் போய் வருகிறவன் ஒவ்வொரு தடவை ஏறும்போதும் ஒரு புது வரி விழும், அந்த வரிகளைச் சேர்த்துக் காட்டச் சொல்லி ஒரு பெட்டியில் சரி போடவேண்டும், அதைப் போடாமல் முதல் வரியை மட்டும் பார்த்த ஒருவர் எனக்கு 6 நிமிடம் என்று வரவு வெட்டினார். அன்றைக்கு நான் 9 தடவை ஏறி இறங்கினேன். லொகின் பண்ணிவிட்டுப் போனை யன்னலடியில் வைத்துப்போட்டுக் குளிக்கப்போன நண்பனுக்கோ முழு வரவு. பரீட்சை எழுத 80 சதவீத வரவு கேட்கிற இடத்தில் இது சின்ன விசயம் இல்லை. ரிப்போர்ட் போனைத்தான் பார்க்கிறது. அதிலும் பாதிப் பேருடைய பெயர் ‘கலக்ஸி ஏ10’ என்றுதான் வரும்.

அப்ப கமராவைப் போடச் சொன்னால்? முகம் தெரியும், அது உண்மை. ஆனால் கணக்கைப் பாருங்கள்: ஓடியோ மட்டும் என்றால் வினாடிக்கு 80 கிலோபிட்டுக்குள் முடியும், மணித்தியாலத்துக்கு 36 எம்பி. வீடியோ 600 கிலோபிட்டில் ஓடினாலே 270 எம்பி, அதுவும் ஒரு பக்கத்துக்கு. கொரோனாக் காலத்தில் இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கிற லேர்ன் (LEARN) வலையமைப்பு ஊடாகப் பல்கலைக்கழக சூம் வகுப்புகளுக்கு டேட்டாக் காசு இல்லாமல் செய்து தந்தார்கள், பெரிய உதவி. காசு இல்லைதான், கவரேஜும் இல்லையே! 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினபோது டவரின் பற்றரியும் இறங்கிவிடும், பிறகு கமரா என்ன, குரலே போகாது. இன்னொன்று, கமராவைத் திறந்தால் வீடும் தெரியும். ஓரறை வீட்டில் பின்னால் அப்பா படுத்திருக்க எந்தப் பிள்ளை கமரா போடும்? இந்த முறையை நான் முழுதாகத் தள்ளிவிட்டேன்.

பெயர் கூப்பிடுகிற பழைய முறை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 90 பேர், ஆளுக்குப் பத்து வினாடி, கால் மணித்தியாலம் போச்சு. ஒருநாள் என் பெயர் வந்து மைக்கைத் திறந்த நேரம் பார்த்து அம்மா பின்னாலிருந்து, “டேய் தம்பி, மாடு பயித்தங்காய்க்குள்ள போட்டுது, ஓடிப்போய்க் கலைச்சுவிடடா!” என்று கத்தினார். “சரி தம்பி, போய்க் கலைச்சுப்போட்டு வாரும்” என்று சேர் விட்டுவிட்டார். வரவும் போட்டார், நல்ல மனிசன்.

கூகுள் படிவம் அதைவிட மோசம். லிங்க் சாட்டில் விழுந்த அடுத்த நிமிடமே பட்ச் வட்ஸ்அப் குறூப்புக்குப் போய்விடும். வயலில் நெல்லு மூட்டை ஏற்றிக்கொண்டு நின்றவனும் ‘வந்தார்’.

எனக்குச் சரிவந்தது இரண்டுதான். ஒன்று, வகுப்பின் நடுவில், நேரம் சொல்லாமல் ஒரு கேள்வி. சாட்டை எனக்கு மட்டும் வருகிற மாதிரி மாற்றிவிடுவேன், இல்லாவிட்டால் முதல் ஆளின் பதிலை மற்ற முப்பது பேரும் எழுத்துப்பிழையோடு அப்படியே போடுவார்கள். கேள்வியும் பார்த்தெழுத முடியாததாக இருக்கவேண்டும். “செங்கபில மண்ணின் இயல்புகள் யாவை” என்று கேட்டால் கூகுள்தான் பதில் சொல்லும். “உங்கட வளவுக் கிணற்றடியில் ஒரு வாளி தண்ணி ஊத்தினால் எவ்வளவு நேரத்தில் வத்தும், ஏன்?” என்று கேட்டால் முள்ளியவளைக்காரன் ஒன்று எழுதுவான், வட்டக்கச்சிக்காரி வேறொன்று எழுதுவாள், வகுப்பு அதிலிருந்தே அடுத்த கட்டத்துக்குப் போகும். மைக்கில் வாயே திறக்காத பிள்ளைகள் சாட்டில் நாலு வரி எழுதுகிறதைப் பார்த்துத்தான் எனக்கு இந்த முறையில் நம்பிக்கை வந்தது.

ஆனால் இதற்கும் அந்த நேரம் கவரேஜ் வேண்டும். அதுக்காகத்தான் இரண்டாவது: வர முடியாதவர் ரெக்கோடிங் பார்த்துவிட்டு இரவு 9 மணிக்குள் அதே கேள்விக்கு வட்ஸ்அப்பில் ஒரு நிமிடம் பேசி அனுப்பலாம். ஒரு நிமிடக் குரல் ஒரு எம்பிகூட வராது, ரெக்கோடிங்தான் பாரம், அதை ஓடியோவாக மாற்றியும் போட்டுவிடுகிறேன். யாராவது எழுதிக் கொடுத்ததை வாசித்தால் குரலிலேயே பிடிபடும், கொமாவுக்குக் கொமா மூச்சு வாங்குவார்கள். எனக்குத்தான் தண்டனை, சில நாள் இருபது முப்பது குரலைக் கேட்கவேண்டும், பாதியில் மயில் அகவும், லாண்ட் மாஸ்டர் உழவு இயந்திரம் போகும். நேரடியாக வந்தவர்களுக்கு இது அநியாயம் என்று ஒரு குறூப் முறைப்பாடும் வைத்தது. அவர்கள் எல்லாரும் வவுனியா டவுன்காரர்.

போன ஞாயிறு கேள்வியைப் போட்ட கையோடு இங்கே கரண்ட் போய் நானே வெளியே விழுந்தேன். டேட்டாவைப் போட்டுத் திரும்ப ஏறுவதற்குள் வட்ஸ்அப் குறூப்பில் ஒரு செய்தி கிடந்தது: “சேர், 9 மணிக்குள்ள வொய்ஸ் அனுப்பினால் வரவு தருவம்.”